விட்டுப் பார்க்காத கிடேரி

சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு எழுதுவது.

உங்கள் பயிற்சிக் கூட்டத்தில் வந்து பேசச் சொன்னீர்கள். மைக்கின் முன்னால் நின்றால் எனக்குப் பேச்சு வராது. பழைய ஆட்களுக்கு இது தெரியும். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம். அது என் பிழை, அப்படியே இருக்கட்டும்.

இப்போது நீங்கள் தையல் இயந்திரத்துக்கும் பலகாரக் கடைக்கும் கடன் கொடுக்கிறீர்கள். ஐந்து பெண்கள் சேர்ந்து ஒருவருக்கு ஒருவர் ஜாமீன் நிற்கிறார்கள். எங்கள் காலத்தில் சங்கம் காசு கொடுக்கவில்லை. மாடு கொடுத்தது.

வெளிநாட்டில் ஓர் உதவிச் சங்கம் இருந்தது. ஏழைக்குப் பணம் கொடுத்தால் கரைந்துபோகும், பேங்க் கடனுக்குச் சம்பளச் சீட்டு கேட்கிறான், ஜாமீன் கேட்கிறான், அதனால் சினை மாட்டைக் கொடுப்போம் என்று அவர்கள் யோசித்தார்கள். வட்டி கிடையாது. பால் எல்லாம் வீட்டுக்காரருக்கு. மாடு போடும் முதல் கிடேரியை, அதாவது பெண் கன்றை, மட்டும் வளர்த்து, வரிசையில் அடுத்து நிற்கும் குடும்பத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். அதோடு கடன் தீர்ந்தது, மாடு சொந்தம். காளைக் கன்று பிறந்தால் அது வீட்டுக்காரருக்கு, சங்கம் அடுத்த ஈற்றுக்குக் காத்திருக்கும். அப்போது இங்கே பினாங்கில், ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே நம் ஆட்கள் மாடு வைத்திருந்தார்கள். சுங்கை பினாங், ஆயர் ஈத்தாம் பக்கமெல்லாம் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை இருக்கும். அதனால் இந்தத் திட்டம் இங்கே ஓடும் என்று நினைத்தார்கள். எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. இன்றைக்கும் படுகிறது.

என் அப்பா பால்காரர். மாட்டோடு வளர்ந்தவள் என்பதால் எனக்கு இந்த வேலை கிடைத்தது. கன்று போட்டதும் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, காளையா கிடேரியா என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதல் இரண்டு வருடம் சொன்னதையும் காட்டியதையும் நம்பி எழுதினேன். ஒரு நாள் கமிட்டியில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, ஊர்ல இருக்கிற மாடெல்லாம் பாதிக்குப் பாதி கிடேரி போடுது. சங்கத்து மாடு மட்டும் காளையாவே போடுதே, என்ன ராசி அது?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. அடுத்த வாரம் ஆயர் ஈத்தாமில் நான் 'காளை' என்று எழுதிய வீட்டில் ஒரு கிடேரி கட்டியிருந்ததைப் பார்த்தேன். மாமியார் வீட்டுச் சீதனம் என்றார் வீட்டுக்காரர். தாயின் தொடையில் இருந்த அதே கறுப்பு மச்சம் சீதனத்தின் தொடையிலும் இருந்தது. யாரிடமோ காளைக் கன்றை இரவல் வாங்கி எனக்குக் காட்டியிருக்கிறார்.

அன்றிலிருந்து நான் யாரையும் நம்பவில்லை. காப்பி கொடுத்தால், எதற்குக் கொடுக்கிறார்கள் என்று பார்த்தேன். கொடுக்காவிட்டால், என்னைச் சீக்கிரம் அனுப்பப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு சோதனையும் கண்டுபிடித்தேன். கன்றை அவிழ்த்து விடச் சொல்லி ஓரமாக நிற்பேன். தன் கன்று என்றால் மாடு முகர்ந்து நக்கும், மடி சுரக்கும். வேற்றுக் கன்று என்றால் முட்டும், உதைக்கும். இதில் இரண்டு பேர் மாட்டினார்கள். இரண்டு பேரிடமிருந்தும் மாடு திரும்ப வந்தது. நான் சொல்லிவிட்டால் சரியாக இருக்கும் என்று கமிட்டியில் பேச்சாகிவிட்டது. வாய் திறக்கத் தெரியாதவளுக்கு அந்தப் பேச்சு எவ்வளவு இனிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது சரசு வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

சரசு சுங்கை பினாங்கில் இருந்தாள். கணவர் முனியாண்டி நகராண்மைக் கழகத்தில் துப்புரவு வேலை. சங்கத்து மாடு அவர்கள் வீட்டில் இரண்டாவது ஈற்றுக்கு நின்றது. முதல் ஈற்றில் காளை என்று நானே எழுதியிருந்தேன், அதுவும் சோதனை கண்டுபிடிப்பதற்கு முன்னால். பக்கத்து வீடு சரசுவின் தம்பி மணியம். அவன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பெண்களை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டினான். அவனிடமும் சொந்த மாடு ஒன்று இருந்தது.

வரிசையில் அடுத்து நின்றவள் லெட்சுமி. பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு கம்பத்தில், மலாய்க்காரர் சொல்லும் கிராமத்தில், இருந்தாள். மின்னணுத் தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து வேலை செய்தவள். ஆள் குறைத்தபோது அவளையும் நிறுத்திவிட்டார்கள். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். சரசு வீட்டுக் கிடேரிக்காகக் கொட்டகை கூடப் போட்டு வைத்துவிட்டாள். அவள்தான் ஒரு நாள் சங்கத்துக்கு வந்தாள்.

"அக்கா, சரசு மாடு கன்னு போட்டுருச்சாம். கிடேரிதானாம். பஸ்ஸுல வர்ற புள்ளைங்க பேசிக்கிட்டாங்க. பாத்துட்டு வாங்கக்கா, அந்த மணியம் லேசுப்பட்ட ஆளு இல்ல லா."

நான் போனேன். சரசு வாசலிலேயே நிறுத்தினாள்.

"பச்சக் கன்னுக்கா, கண்ணு பட்டுரும். பதினாறு நாள் கழிச்சு வாங்க. உங்கள வேணாம்னு சொல்வேனா?"

நம் வீடுகளில் இது வழக்கம்தான். என் அப்பா வீட்டிலும் உண்டு. ஆனால் அன்று அது எனக்கு வழக்கமாகத் தெரியவில்லை. பதினாறு நாளில் என்னென்ன மாற்றலாம் என்றுதான் கணக்குப் போட்டேன். சொல்லிவிட்டுப் போனால் தயாராக இருப்பார்கள், சொல்லாமல் போக வேண்டும் என்று முடிவு செய்தேன். மாட்டுப் பொங்கலன்று போனேன்.

நான் போகும்போது பூசை முடிந்திருந்தது. மாட்டுக் கொம்புக்கு வர்ணம், கழுத்தில் மாலை. அக்கம்பக்கத்து ஆட்கள் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கக்கா, நல்ல நாளும் அதுவுமா வந்திருக்கீங்க. மொத சாப்புடுங்க," என்று சரசு இலையை எடுத்தாள்.

"கன்னுக்குட்டிய பாத்துட்டு சாப்புடுறேன்," என்றேன்.

மணியம் பஸ் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னான், "அக்கா பொங்கலுக்கு வரல லா, ரெய்டுக்கு வந்திருக்காங்க."

எல்லாரும் சிரித்தார்கள். கன்றைக் கொண்டுவந்தார்கள். காளைக் கன்று. உடம்பு முழுக்க மஞ்சளும் சந்தனமும் பூசியிருந்தது. அதற்கு மேல் ஒரு வாசனை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் அத்தர் கடை வாசலைத் தாண்டும்போது வருமே, அந்த வாசனை.

"என்ன இது, அத்தரா?"

"கழிச்சல் புடிச்சு ஒரே நாத்தம்க்கா. நல்ல நாளாச்சேன்னு சோப்பு போட்டுக் குளிப்பாட்டி, அத்தர் தடவிவிட்டேன்," என்றாள் சரசு.

எங்கள் கொட்டகையில் கன்று செத்துப்போனால் அப்பா வேறொரு கன்றின் மேல் எதையாவது பூசி, வாசனையை மறைத்து, தாயை ஏமாற்றிப் பால் கறப்பார். எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அத்தரும் அதற்குத்தான் என்று நினைத்தேன். அவிழ்த்து விடச் சொன்னேன்.

கன்று ஓடிப்போய் மடியில் வாய் வைத்தது. மாடு திரும்பி முகர்ந்தது. புஸ் என்று மூச்சு விட்டு ஒதுங்கியது. கன்று மறுபடியும் போனது. மாடு கொம்பைத் தாழ்த்தியது. மூன்றாவது முறை உதைத்தது. கன்று மண்ணில் உருண்டது.

சிரிப்பு நின்றுவிட்டது.

"காலையில கூட நக்கிச்சுக்கா. மேளம், கூட்டம், என்னமோ மெரளுது," என்றாள் சரசு.

வேலிக்கு அந்தப் பக்கம் மணியத்தின் கொட்டகையில் ஒரு கிடேரிக் கன்று கட்டியிருந்தது. சரசுவின் மாட்டைப் போலவே செம்பழுப்பு. நெற்றியில் அதே வெள்ளைச் சுட்டி. வயதும் ஒன்றுதான் இருக்கும். நான் அதைப் பார்ப்பதை மணியம் பார்த்துவிட்டான்.

"அது என் மாட்டுக் கன்னுக்கா. ரெண்டு மாட்டுக்கும் ஒரே காளை. சந்தேகம்னா கொண்டாந்து விடுறேன், நீங்களே பாருங்க."

இந்த இடத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். அவன் சொன்னது சரியான வழி. அந்தக் கிடேரியைக் கொண்டுவந்து விட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் எல்லாம் தெரிந்திருக்கும். நான் வேண்டாம் என்றேன். இவன் தானாகக் கேட்கிறான் என்றால் இதிலும் ஏதோ தந்திரம் இருக்கிறது என்று நினைத்தேன். அது பாதிதான். மீதியைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. கூட்டம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் கால் கூசியது. அங்கிருந்து போனால் போதும் என்றிருந்தது. ஒரு குடும்பத்தின் மாட்டைவிட என் கூச்சம் எனக்குப் பெரிதாக இருந்தது. பொங்கலும் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

அந்த வாரமே கமிட்டி கூடியது. சங்கச் செயலாளர் யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பேனா மூடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கேள்வி கேட்பார்.

"பிள்ளை, நீர் நினைச்சதை விடும். கண்டதைச் சொல்லும்."

சொன்னேன். பதினாறு நாள் காட்டாதது, அத்தர், உதை, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த கிடேரி, எல்லாவற்றையும்.

"அந்த நாகு கன்றையும் கொண்டுவந்து பசுவிட்டை விட்டுப் பார்த்தனீரோ?"

கிடேரியை அவர்கள் ஊரில் நாகு என்பார்கள்.

"தேவைப்படல ஐயா," என்றேன்.

அவர் தாளை இழுத்துக்கொண்டார். பிறகு எழுதினார். பக்கத்துக் கிடேரியைக் கேட்டுச் சண்டை போட வேண்டாம், ஏமாற்றிய வீட்டிலிருந்து மாட்டை எடுத்து அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவானது. திட்டத்தின் சட்டம் அதுதான். வெளிநாட்டிலிருந்து அம்மா ஒருவர் தைப்பூசம் முடிந்ததும் பார்க்க வருவதாகக் கடிதம் வந்திருந்தது. அவர் வரும்போது திட்டம் ஒழுங்காக நடப்பது தெரிய வேண்டும் என்றும் ஒருவர் சொன்னார்.

லோரி போனபோது நானும் போக வேண்டியிருந்தது. முனியாண்டி வேலைக்குப் போயிருந்தார். சரசு கத்தவில்லை.

"தைப்பூசத்துக்கு எட்டு வீட்டுக்குப் பால்குடத்துக்குப் பால் சொல்லிவெச்சிருக்கேன். அது முடியட்டும்க்கா. அப்புறம் கொண்டு போங்க."

பினாங்கில் தைப்பூசத்துக்குப் பால் சொல்லிவைத்துவிட்டுக் கொடுக்காமல் போனால் அடுத்த வருடம் அந்தக் கொட்டகைக்கு யாரும் வர மாட்டார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும், நாளைக்கு மாட்டையே காணோம் என்பாள் என்று நினைத்துக்கொண்டேன். காளைக் கன்று அங்கேயே நின்றது. அது இந்த மாட்டின் கன்று இல்லை என்றுதானே நான் சொல்லியிருந்தேன்.

மூன்றாம் நாள் லெட்சுமி வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"மாடு பால் விடமாட்டேங்குதுக்கா. ராப்பகலா கத்துது. நானும் தைப்பூசத்துக்கு ஆறு வீட்டுக்கு ஒத்துக்கிட்டேன். கம்பத்துல எல்லாரும் என்னத்தான் திட்டுறாங்க."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. "சரசு ஏதாவது தின்னக் குடுத்திருப்பா," என்றேன்.

லெட்சுமி தலையை ஆட்டினாள். "இல்லக்கா. அது கன்ன தேடுது."

ஆமாம், மணியம் ஒளித்து வைத்திருக்கும் கிடேரியைத் தேடுகிறது என்று நினைத்தேன். அதைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொண்டுவருவது என்று சுங்கை பினாங்குக்குப் போனேன். உச்சி வெயில். மணியம் பஸ்ஸைக் கிளப்பப் போய்க்கொண்டிருந்தான். அவனிடம் ஒன்றும் சொல்லாமல் நேரே அவன் கொட்டகைக்குள் போனேன்.

கிடேரி அவன் மாட்டிடம் பால் குடித்துக்கொண்டிருந்தது. மாடு அசை போட்டபடி அதன் வாலடியை நக்கிக்கொண்டிருந்தது. சும்மா, பழகிப்போன மாதிரி.

பின்னாலிருந்து மணியத்தின் குரல் வந்தது. "நல்லா பாத்துக்குங்கக்கா. இன்னிக்கு யாரும் அத்தர் போடல."

பக்கத்து வீட்டில் சரசு மாவுப் பாலைப் பாட்டிலில் ஊற்றிக் காளைக் கன்றுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாயோரம் எல்லாம் வழிந்தது. மஞ்சள், சந்தனம், தாயிடமிருந்து அதன் சொந்த வாசனையையே மறைத்த அத்தர், எதுவும் இப்போது அதன் மேல் இல்லை. விலா எலும்பு தெரிந்தது.

"சரசு," என்றேன். "கன்னைத் தூக்கு. லெட்சுமி வீட்டுக்குப் போவோம்."

அவள் பாட்டிலை வைத்துவிட்டுக் கன்றைத் தூக்கினாள். காலை ஷிப்ட் முடிந்து வரும் பெண்களை ஏற்ற மணியம் எப்படியும் பாயான் லெப்பாஸ் போக வேண்டும். காலி பஸ்ஸில் சாக்கு விரித்துக் கன்றைப் போட்டோம். சரசு அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தேன்.

"கன்னுக்கு யாரு டிக்கெட் எடுக்குறது, சங்கமா?" என்று மணியம் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டான்.

கம்பத்துச் சந்துக்குள் நுழையும்போதே மாட்டின் குரல் கேட்டது. கன்று தலையைத் தூக்கிப் பதில் சொன்னது. லெட்சுமி கயிற்றைப் பிடிக்க முடியாமல் கொட்டகைத் தூணில் சாய்ந்துகொண்டாள். மாடு கன்றைத் தலையிலிருந்து வால் வரை நக்கியது, திரும்ப வாலிலிருந்து தலை வரை. கன்று வாய் வைப்பதற்கு முன்பே மடியிலிருந்து பால் சொட்டியது. சோதனை பாஸ். செய்தவள்தான் பெயில்.

லெட்சுமிதான் முதலில் பேசினாள். "யக்கா," என்றாள். என்னை அல்ல, சரசுவை. "நான்தான் சொல்லிவிட்டேன். பஸ்ஸுல பேசிக்கிட்டாங்க, நான் நம்பிட்டேன்."

"பஸ்ஸுல ஆயிரம் பேசுவாங்க. நீ பசியில சொன்ன," என்றாள் சரசு. பிறகு என் பக்கம் திரும்பினாள். "இவங்க எதுல சொன்னாங்க?"

நான் மாட்டை அன்றைக்கே திருப்பிக் கொண்டுபோகச் சொன்னேன். சரசு மறுத்துவிட்டாள்.

"கமிட்டிக்கு முன்னாடி என்னைத் திருடின்னு சொன்னீங்க. கமிட்டிக்கு முன்னாடியே இல்லன்னு சொல்லுங்க. அப்புறம்தான் மாடு எங்க வாசலுக்கு வரணும். சும்மா கொண்டு போனா, திருடிட்டுத் திரும்பக் குடுத்தாங்கன்னு பேசுவாங்க."

தைப்பூசம் முடிந்து கமிட்டி கூடும் வரை மாடும் கன்றும் லெட்சுமி கொட்டகையிலேயே நின்றன. சரசு தன் தம்பியின் பஸ்ஸில் வந்து கறந்தாள். பாலைப் பாதி பாதியாகப் பிரித்தார்கள். சரசுவின் எட்டு வீட்டில் நான்குக்குத்தான் பால் போனது. மற்ற நான்கு வீடுகள் அதற்கப்புறம் அவளிடம் வாங்கவே இல்லை. அந்த நான்கும் என் கணக்கு.

வெளிநாட்டு அம்மா வந்த அன்று கமிட்டி அறை நிறைந்திருந்தது. சரசுவும் மணியமும் வந்திருந்தார்கள். செயலாளர் ஐயாவிடம் முன்னாடியே போய்ச் சொன்னேன். அவர் நல்லவர்தான், சங்கத்தின் பெயர் கெடக் கூடாது என்பது அவர் கவலை.

"பிள்ளை, 'தகவலிலை குழப்பம்' எண்டு எழுதுவம். மாட்டைத் திருப்பிக் குடுத்திடுவம். உம்மடை பேரும் தப்பும்."

"குழப்பம் இல்லங்கய்யா. அன்னிக்கு நான் விட்டுப் பாக்கல. நீங்க கேட்டப்ப தேவைப்படலன்னு சொல்லிட்டேன்."

"அதை நான் மறக்கேல்லை," என்றார். "எழும்பிச் சொல்லப் போறீரோ?"

எழுந்தேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். மாட்டுப் பொங்கலில் தொடங்கி, மணியம் கிடேரியைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டது, நான் வேண்டாம் என்றது, லோரி, பால்குடம் எல்லாம் சொன்னேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. என் ஆயுசில் அவ்வளவு நேரம் நின்று பேசியதில்லை. உட்கார்ந்ததும் செயலாளர் ஐயா அந்த அம்மாவிடம் ஆங்கிலத்தில் இரண்டே வரி சொன்னார். அந்த அம்மா சிரித்துத் தலையாட்டினார்.

சரசு என் காதருகில் குனிந்தாள். "நீங்க இவ்வளவு சொன்னீங்க. அவரு ரெண்டு வார்த்தைல முடிச்சிட்டாரே. என்ன சொன்னாரு?"

எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் திருடி இல்லை என்று சொன்னதற்கு அந்த அம்மா அப்படிச் சிரித்திருக்க மாட்டார் என்று தோன்றியது. கதவருகில் நின்றிருந்த மணியம் முன்னால் வந்தான். பஸ் ஓட்டுகிறவனின் ஆங்கிலம்.

"மேடம், ஷீ சே ஷீ ராங் லா. மை சிஸ்டர் நோ சீட்டிங். கௌ, மை சிஸ்டர் கௌ."

சிரிப்பு மறைந்தது. அந்த அம்மா செயலாளரைப் பார்த்தார். அவர் பேனா மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, இந்த முறை முழுவதையும் சொன்னார். அந்த அம்மா கேட்டுவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். செயலாளர் ஐயா அதைத் தமிழில் சொல்லும்போது குரல் தாழ்ந்திருந்தது.

"இந்தச் சோதனையாலை வேறை எத்தனை பேரின்ரை மாட்டை எடுத்தனீங்கள் எண்டு கேக்கிறா."

இரண்டு பேர். முன்பே எழுதியிருக்கிறேன், மாட்டினார்கள் என்று. அதில் ஒருவர் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார். இன்னொருவர் ஒப்புக்கொள்ளவில்லை, அழுதார். அழுததையே நான் ஒப்புதலாக எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த மாடு தலைச்சன் ஈற்று. முதல் கன்றுக்குச் சில மாடு தானாகவே உதைக்கும். பால்காரர் மகளுக்கு இது தெரியாமலா? கமிட்டி முடிந்ததும் அவரைத் தேடிப் போனேன். வீட்டைக் காலி செய்துவிட்டு, தீவை விட்டே பெருநிலத்துப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். பட்டர்வொர்த்தில் இரண்டு முறை விசாரித்தேன். கிடைக்கவில்லை. அவர் ஏமாற்றினாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மாடு சரசு வாசலுக்குத் திரும்பியது. என்னை வேலையிலிருந்து நிறுத்துவார்கள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. அதன் பிறகு சோதனைக்குத் தனியாகப் போகக் கூடாது, சந்தேகப்படும் கன்று எதுவோ அதையும் விட்டுப் பார்க்காமல் எழுதக் கூடாது என்று செயலாளர் ஐயா விதி எழுதிச் சுவரில் ஒட்டினார்.

பிள்ளைகளே, உங்களைச் சந்தேகப்பட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாரோ எங்கிருந்தோ நம்பிக் கொடுக்கும் பொருள் நம் கை வழியாகப் போகிறது. ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். லெட்சுமி மாதிரி ஒருத்தி வரிசையில் நின்றுகொண்டேதான் இருப்பாள். ஆனால் சந்தேகம் வந்த பிறகு பார்ப்பதெல்லாம் சாட்சியாகிவிடும். காட்டாவிட்டால் சாட்சி, வாசனை போட்டால் சாட்சி, தானாக வந்து காட்டுகிறேன் என்றால் அதுவும் சாட்சி. அந்த நேரத்தில் எதிராளி "இதையும் பாருங்க" என்று ஒன்றைக் காட்டினால், கால் எவ்வளவு கூசினாலும் நின்று பாருங்கள்.

அடுத்த வருடம் சரசுவின் மாடு கிடேரி போட்டது. இந்த முறை பதினாறு நாள் சொல்லவில்லை, மறுநாளே ஆள் அனுப்பினாள். நானும் இன்னொருவரும் போய்ப் பார்த்து எழுதினோம். பால் மறந்ததும் கிடேரியை லெட்சுமியிடம் ஒப்படைக்கும் நாள் வந்தது. லெட்சுமி காலையிலேயே மஞ்சள் குங்குமத்தோடு வந்து நின்றாள். மணியம், முனியாண்டி, அக்கம்பக்கம் எல்லாரும் இருந்தார்கள்.

நான் கயிற்றுக்குக் கை நீட்டினேன். சரசு கொடுக்கவில்லை.

"ஒரு எழுத்து வேணும்க்கா. கிடேரி குடுத்தாச்சு, கடன் தீந்துச்சு, மாடு எங்களுதுன்னு. நாளைக்கு நீங்களோ வேற யாருமோ வந்து இல்லன்னு சொல்லக் கூடாது பாருங்க."

சங்கத்தின் வழக்கத்தில் அப்படி எழுதிக் கொடுப்பதில்லை. வாங்கியவர்களிடம்தான் நாங்கள் எழுதி வாங்குவோம். பையிலிருந்து தாளை எடுத்து அங்கேயே என் கையால் எழுதினேன். சரசுவுக்குப் படிக்கத் தெரியாது. மணியத்திடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னாள். படித்தான். மறுபடியும் படிக்கச் சொன்னாள். மறுபடியும் படித்தான்.

"கையெழுத்து. கீழ தேதி," என்றாள்.

போட்டேன். அவள் தாளை நான்காக மடித்து, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் இருக்கும் பிஸ்கட் டின்னில் வைத்து மூடினாள்.

"உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்லக்கா," என்று மணியம் சமாதானமாக ஆரம்பித்தான்.

"நம்பிக்கை இல்லதான்," என்றாள் சரசு.

கயிற்றை என்னைத் தாண்டி நீட்டி, லெட்சுமியின் கையில் கொடுத்தாள்.